வாசலுக்கு முன் முப்பது மீட்டர்

(கருவேப்பிலங்குறிச்சியில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் சகோதரர் ஒருவர் பேசியது. இவர் சிறுவயதில் நம் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர். இப்போது விருத்தாசலத்தில் கணக்கராகப் பணிபுரிகிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரை வெளியிடவில்லை. பேச்சைப் பெரும்பாலும் அப்படியே தந்திருக்கிறோம்.)



என்னைச் சாட்சி சொல்லத்தான் அழைத்தார்கள். சிறுபிள்ளையில் கால் விழுந்ததையும், இங்கே என்னை நிற்க வைத்ததையும் முன்பே இரண்டு தடவை உங்களிடம் சொல்லியிருக்கிறேன். மூன்றாம் தடவையும் அதையே சொன்னால் உங்களுக்கும் அலுப்பு, எனக்கும் கூச்சம். ஆகவே இந்த முறை வண்டி நிறுத்துவதைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வண்டி நிறுத்துவதா?" என்றார்கள். ஆமாம், அதுதான். மாற்றுத்திறனாளிக்கு வண்டி கிடைத்த கதையை எல்லோரும் சொல்லுகிறார்கள். படமும் எடுத்துப் போடுகிறார்கள். கிடைத்த வண்டியை அவன் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறான் என்று யாரும் கேட்பதில்லை.

நான் இந்த ஊர்க்காரன். நான் பிறந்தபோது இது தென்னார்க்காடு மாவட்டம். 1993-ல் பிரித்த பிறகு கடலூர் மாவட்டம். ஒன்றரை வயதில் ஒரு காய்ச்சல் வந்து, இரண்டு கால்களும் துவண்டுபோயின. இளம்பிள்ளை வாதம். எட்டு வயதுவரை அம்மா என்னை இடுப்பில் சுமந்தார்கள். காலிப்பர் போட்டு, அக்குள் கட்டை கொடுத்து நிற்க வைத்தது இந்த மருத்துவமனை. இந்த நோய் இப்போது நம் நாட்டில் இல்லை. 2011 ஜனவரி 13-ந் தேதி மேற்கு வங்காளத்தில் ஹவுரா பக்கத்தில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் இந்தியாவில் கடைசி. 2014 மார்ச் 27-ல் போலியோ இல்லாத பிரதேசம் என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. எங்கள் வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஆள் வரவில்லை. இதைவிடச் சந்தோஷமான செய்தி இல்லை. ஆனால் ஏற்கெனவே வரிசையில் நிற்கிற நாங்கள் இருக்கிறோம். ஐம்பது வயதை ஒட்டியும், தாண்டியும்.

கட்டை ஊன்றி நடக்கிறவன் காலால் நடப்பதில்லை, தோளால் நடக்கிறான். இருபது வயதில் நான் ஒரு பர்லாங் நடப்பேன். இப்போது தோள்மூட்டு தேய்ந்துவிட்டது. முப்பது மீட்டர் நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். இந்த முப்பது மீட்டரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

2016-ல் ஒரு நாள் காலையில் அம்மாவுக்கு மூச்சுத் திணறல். என்னிடம் அப்போது பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் இருந்தது. அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நம் ஆஸ்பத்திரி அல்ல. பெயர் வேண்டாம். வாசலில் காவல்காரர் நிறுத்தினார். "டூ வீலரெல்லாம் பின்பக்கம்ணே." "தம்பி, எனக்குக் கால் வராது, இங்கேயே ஓரமா நிறுத்திக்கிறேன்" என்றேன். "இது நாலு வண்டி எடம் புடிக்குதே, கார் திரும்ப வேணாமா? பெரியவர் பார்த்தா என்னைத்தான் கேப்பாரு" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குக் கொடுத்திருந்த உத்தரவில் கார் இருந்தது, டூ வீலர் இருந்தது. என் வண்டி இரண்டிலும் சேரவில்லை. அம்மாவை வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் பின்பக்கம் போனேன். அங்கே தகரக் கொட்டகையில் வண்டிகள் ஒன்றோடொன்று கைப்பிடி கோர்த்து நின்றன. கடைசி மூலையில் இடம் பார்த்து நிறுத்தி, கட்டையை எடுத்து ஊன்றி, சரளைக்கல்லில் நடந்து முன்வாசலுக்கு வர அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அம்மாவை உள்ளே அழைத்துப்போயிருந்தார்கள். உடன் வந்தவர் யார் என்று கேட்டிருக்கிறார்கள். "எம் மவன் வண்டியை விடப் போனான், வழியில விழுந்துட்டானோ என்னமோ" என்று அம்மா அழுதிருக்கிறார்கள். கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் காகிதம் மேஜையிலேயே கிடந்தது.

அம்மா அன்றைக்குப் பிழைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தார்கள். எட்டு வருஷம் என்னை இடுப்பில் சுமந்து வாசலுக்குள் கொண்டுபோனவர்களை, நான் ஒரே ஒரு தடவை வாசலில் விட்டுவிட்டுப் போக நேர்ந்தது. அதனால்தான் இந்தப் பேச்சு.

இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பலர் இதைப் பார்த்திருப்பீர்கள், ஏறிப் பார்த்திருக்க மாட்டீர்கள். சாதாரண ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு சிறு சக்கரங்களைக் கம்பி கட்டிப் பொருத்துவார்கள். அரசாங்கக் காகிதத்தில் இதற்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் என்று பெயர். முன் காலத்து ஸ்கூட்டர்களை எங்களால் ஓட்ட முடியாது. கிளப்ப ஒரு உதை வேண்டும், பின் பிரேக்குக்கு ஒரு கால் வேண்டும். 1984-ல் கைனடிக் ஹோண்டா வந்தது. கியர் இல்லை, பட்டனை அமுக்கினால் கிளம்பும், பிரேக் இரண்டும் கையில். அதைச் செய்தவர்கள் எங்களை நினைத்துச் செய்யவில்லை. ஆனாலும் எங்களைப் போன்றவர்களுக்கு ரோட்டைத் திறந்துவிட்டது அந்த மாதிரி வண்டிதான்.

என் வண்டி பக்கச் சக்கரங்களோடு மூன்றே முக்கால் அடி அகலம். அதை நிறுத்தினால் மட்டும் போதாது, நான் இறங்க வேண்டும். காலைக் கையால் தூக்கி ஒரு பக்கம் போட்டு, காலிப்பரின் பூட்டை மாட்டி, கட்டையை ஊன்றி எழும்ப, பக்கத்தில் இன்னும் மூன்று அடி வேண்டும். ஆக ஏறக்குறைய ஏழு அடி. ஸ்டாண்டில் மற்ற வண்டிகளுக்கு இரண்டடி கிடைத்தால் அதிகம். நான் நிறுத்தும்போது காலியாக இருக்கிற மூன்றடியில், நான் திரும்பி வருவதற்குள் ஒரு வண்டி வந்து நின்றிருக்கும். அதை நகர்த்துகிறவர் வரும்வரை நான் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. இந்த வண்டி பின்னால் போகாது. நீங்கள் ஸ்கூட்டரை எடுக்கும்போது காலைத் தரையில் உதைத்துப் பின்னால் தள்ளுவீர்கள். எனக்கு அது முடியாது. சுவரைப் பார்த்து முன்பக்கமாக நிறுத்திவிட்டால், யாராவது பின்னால் பிடித்து இழுக்கிறவரைக்கும் நான் அங்கேயே கைதிதான். இப்போது சிலர் பின்னோக்கிப் போகிற கியர் பொருத்திக்கொள்ளுகிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் அது கிடையாது. ஆகவே எங்களுக்கு வேண்டியது வெறும் அகலம் மட்டும் அல்ல. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிற மாதிரியோ, அங்கேயே வட்டமடித்துத் திரும்புகிற மாதிரியோ இடம் வேண்டும்.

சலுகைகள் என்னென்ன என்று சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். உங்கள் சபையில் யாருக்காவது உதவும் என்பதால் சொல்லுகிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை மருத்துவச் சான்றும், யு.டி.ஐ.டி. என்கிற தனித்துவ அடையாள அட்டையும். 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருந்தால் பெரும்பாலான சலுகைகளுக்குக் கதவு திறக்கும். இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டு, கைகள் நன்றாக இயங்குகிறவர்களுக்குத் தமிழ்நாடு அரசு இந்த ஸ்கூட்டரையே இலவசமாகக் கொடுக்கிறது. கடலூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். வருஷா வருஷம் இத்தனை வண்டி என்று ஒதுக்குவார்கள். முதல் மனுவிலேயே கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். அரசுப் பஸ்ஸில் டவுன் பஸ் இலவசம், வெளியூர் போனால் 75 சதவீதம் கழிவு. துணையாள் இல்லாமல் பிரயாணம் செய்ய முடியாதவர்களுக்கு ரயிலில் படுக்கை வகுப்பு வரைக்கும், மூன்றாம் ஏ.சி.க்கும் 75 சதவீதம் கழிவு. துணையாளுக்கும் அதே கழிவு உண்டு. எனக்கு எட்டும் படி வைத்த பஸ்ஸை மட்டும் இன்னும் நான் பார்க்கவில்லை. சரி, அது இன்றைய பேச்சல்ல.

வண்டி விஷயத்தில் சாலை வரி விலக்கு முக்கியம். மாற்றுத்திறனாளியின் பெயரில் பதிவாகி, அவர் ஓட்டும்படி மாற்றியமைத்த வண்டிக்குத் தமிழ்நாட்டில் வரி கிடையாது. கார் வைத்திருக்கிறவர்கள் மிகச் சிலர். கிளட்சையும் பிரேக்கையும் கையால் இயக்குகிறபடி மாற்றி ஓட்டுவார்கள். அவர்களுக்குச் சிறிய காரில் ஜி.எஸ்.டி. 28-க்குப் பதில் 18 சதவீதம் என்று ஒரு சலுகை இருந்தது. கார் நாலு மீட்டருக்குள் இருக்க வேண்டும், பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.க்குள், டீசல் 1500-க்குள், ஐந்து வருஷம் விற்கக்கூடாது என்றெல்லாம் நிபந்தனை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய காருக்கு எல்லோருக்குமே 18 சதவீதம் ஆக்கிவிட்டார்கள். உங்களுக்கு விலை குறைந்தது, சந்தோஷம். எங்களுக்கென்று இருந்த வித்தியாசம் போயிற்று. காரை மாற்றியமைக்கிற செலவு மட்டும் எங்கள் தலையில் அப்படியே இருக்கிறது. இதைப் பற்றி ஒருவரும் பெரிதாகப் பேசக் காணோம். தேசிய நெடுஞ்சாலையில், மாற்றுத்திறனாளிக்கென்றே வடிவமைத்த வண்டிக்குச் சுங்கக் கட்டணம் கிடையாது. அதற்குக் கட்டணமில்லாத ஃபாஸ்டேக் தனியாக வாங்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பலரை அலையவைத்த சிக்கல். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் எங்கள் வண்டிக்கு ஒரு இலக்கணம் எழுதியிருந்தார்கள். ஊனமுற்றவருக்கென்றே விசேஷமாக வடிவமைத்துக் கட்டிய வண்டியாக இருக்க வேண்டும், இருக்கிற வண்டியை மாற்றியமைத்தது போதாது என்று அதற்கு அர்த்தம். ஆனால் ரோட்டில் ஓடினதெல்லாம் மாற்றியமைத்த வண்டிகள்தான். எந்தக் கம்பெனி எங்களுக்கென்று தொழிற்சாலையில் வண்டி செய்தது? வெல்டிங் பட்டறையில்தான் சக்கரம் வைத்தோம். பட்டறையில் வைத்த சக்கரம் ஆர்.சி. புத்தகத்தில் ஏறாது. ஏறாவிட்டால் வரிவிலக்குக் கேட்க முடியாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் புரட்டுகிற பக்கமும் அதுதான். நானே மூன்று வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். கணக்கு எழுதுகிறவன், இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. 2019-ல் சட்டத்தைத் திருத்தி, மாற்றியமைத்த வண்டியும் சேரும் என்று சேர்த்தார்கள். லைசென்ஸிலும் அந்த வகை வந்தது. 2020 அக்டோபரில் பதிவு விண்ணப்பமாகிய 20-ம் எண் படிவத்தில், உரிமையாளர் மாற்றுத்திறனாளி என்று குறிக்க ஓர் இடமும் வைத்தார்கள். ஆகவே உங்கள் சபையில் யாராவது புது வண்டி வாங்கினால், அந்த இடத்தைப் பூர்த்தி செய்தார்களா என்று தயவுசெய்து கேளுங்கள். சக்கரம் வைத்ததைப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். விற்கிற கடையில் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். பிறகு அலைவது நாம்தான்.

இவ்வளவு சலுகை இருக்கிறதே, நிறுத்துவதற்கு என்ன சலுகை என்று கேட்பீர்கள். அங்கேதான் பை காலி.

இங்கிலாந்தில் 1970-ல் ஒரு சட்டம் வந்தது. ஆல்ஃப் மாரிஸ் என்கிற பாராளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த தனிநபர் மசோதா. அதன்படி 1971-ல் ஆரஞ்சு நிறத்தில் ஓர் அட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள். 2000-க்குப் பிறகு அது நீல அட்டை ஆயிற்று. அந்த அட்டையைக் காரின் முன்கண்ணாடிக்குள் வைத்தால், வாசலுக்குப் பக்கத்தில் குறித்த இடத்தில் நிறுத்தலாம். மற்றவர்கள் நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டு ஓரத்திலும் 3 மணி நேரம் வரைக்கும் நிறுத்தலாம். வந்த நேரத்தைக் காட்ட ஓர் அட்டைக் கடிகாரத்தையும் கூட வைக்க வேண்டும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த அட்டை வண்டிக்குக் கொடுத்தது அல்ல, ஆளுக்குக் கொடுத்தது. மகன் காரில் போனாலும், சிநேகிதன் காரில் போனாலும் எடுத்துக்கொண்டு போகலாம். நம் நாட்டில் வரிவிலக்கு வண்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பஸ் பாஸ் ஆளோடு இருக்கிறது. நிறுத்துவதற்கான உரிமைச் சீட்டோ வண்டியோடும் இல்லை, ஆளோடும் இல்லை. நாடு முழுவதும் செல்லுகிற மாதிரி அப்படி ஓர் அட்டை நமக்கு இல்லை.

அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று எண்ணிவிட வேண்டாம். பாட்டியின் அட்டையைப் பேரன் வைத்துக்கொண்டு கடைவீதியில் நிறுத்துகிற வழக்கம் அங்கேயும் உண்டு. பிடித்தால் அபராதம் போடுகிறார்கள். 2019-ல் வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கும் அட்டை கொடுக்கலாம் என்று இங்கிலாந்தில் விரிவாக்கினார்கள். அதுவும் யோசிக்க வேண்டிய விஷயம். என் கட்டையைப் பார்த்தால் யாரும் வழிவிடுவார்கள். இருதய நோய்க்காரர், மூட்டு வாதக்காரர், டயாலிசிஸ் முடித்துத் தள்ளாடி வருகிறவர், இவர்களைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கீங்க" என்றுதான் சொல்லுவோம்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறி, 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதன் 41-ம் பிரிவில் பஸ் நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையங்களில் வண்டி நிறுத்துமிடம் எங்களுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்று வார்த்தையாகவே இருக்கிறது. கட்டட விதிகளில் அளவும் சொல்லியிருக்கிறார்கள். வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் குறைந்தது இரண்டு கார் நிற்கிற இடம், ஒவ்வொன்றும் 3.6 மீட்டர் அகலம். சாதாரணக் காருக்கு இரண்டரை மீட்டர் போதும். மிச்சம் ஒரு மீட்டருக்கு மேல் எதற்கு என்றால், கதவை முழுக்கத் திறந்து சக்கர நாற்காலியை வைப்பதற்கு. முப்பது மீட்டர் என்று நான் முதலில் சொன்னேன் அல்லவா, என் தோளும் அரசாங்கமும் ஒரே கணக்குக்கு வந்திருக்கிறோம். இந்த விதிகளை முறையாக அமல்படுத்தவில்லை என்று ராஜீவ் ரதூரி என்கிற பார்வையற்ற சகோதரர் உச்சநீதிமன்றம் வரை போனார். 2017-ல் ஒரு தீர்ப்பு. அதுவும் நடக்காததால் 2024 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு. வெறும் ஆலோசனை போல எழுதிவைத்தால் போதாது, கட்டாய விதிகளாக எழுதுங்கள் என்று அதில் அரசுக்குச் சொன்னார்கள்.

இப்போது சொல்லப்போவதுதான் உங்களிடம் சொல்ல வந்தது. அந்தச் சட்டத்தில் பொதுக்கட்டடம் என்றால் என்ன என்று எழுதியிருக்கிறார்கள். கலெக்டர் ஆபீசும் ரயில் நிலையமும் மட்டும் அல்ல. அரசாங்கத்துடையதாக இருந்தாலும் தனியாருடையதாக இருந்தாலும், ஜனங்கள் வந்துபோகிற கட்டடம் எல்லாம் சேரும். அந்தப் பட்டியலில் மருத்துவ சேவைக்கான கட்டடமும் இருக்கிறது, மத சம்பந்தமான கட்டடமும் இருக்கிறது. அதாவது நம் ஆஸ்பத்திரி, நம் ஆலயம்.

நான் போகிற ஆலயத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். நல்ல சபை, என்னை நேசிக்கிற சபை. வாசலில் ஐந்து படி. பக்கவாட்டில் ஒரு சரிவு கட்டியிருக்கிறார்கள். அது வசதியான இடம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை மறித்துக்கொண்டு இரண்டு கார் நிற்கும். அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. வயதான மாமியாரை இறக்கிவிட்டு அப்படியே நிறுத்திவிடுவார்கள். ஆராதனை நடுவில் போய் யாரை எழுப்பிக் காரை எடுக்கச் சொல்லுவது? நானும் சொல்லாமல் விட்டு, வெளியே வேப்பமரத்தடியில் வண்டியிலேயே உட்கார்ந்து ஒலிபெருக்கியில் பிரசங்கம் கேட்ட ஞாயிறுகள் உண்டு. சிலர் என்னைப் பார்த்து, "வெளியே காற்றோட்டமாக உட்கார்ந்துவிட்டீர்களே" என்று பிரியமாகக் கேட்டார்கள்.

இன்னொன்று, தரை. விருத்தாசலத்தில் பிழைக்கிறவன் பீங்கானைக் குறை சொல்லக்கூடாது. செராமிக் தொழிற்பேட்டையில்தான் எனக்குச் சாப்பாடு. ஆனால் ஆலய வாசலுக்கும் ஆஸ்பத்திரி நடைக்கும் பளபளவென்று வழுக்குகிற டைல்ஸ் போடாதீர்கள். மழைநாளில் கட்டையின் ரப்பர் முனை அதில் நிற்காது. சொரசொரப்பாகவும் டைல்ஸ் செய்கிறார்கள், கேட்டு வாங்குங்கள். நான் விழுந்ததெல்லாம் ரோட்டில் அல்ல, இப்படிப்பட்ட தரையில்தான்.

திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்துகொண்டு வந்த சம்பவம் உங்களுக்குத் தெரியும். வாசலில் கூட்டம், உள்ளே நுழைய வழி இல்லை. கூரையைப் பிரித்து இறக்கினார்கள். சிறு வயதிலிருந்து அந்த நாலு பேரின் விசுவாசத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர்களைப் பற்றி ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை. அவர்களும் வசனம் கேட்கத்தான் வந்திருந்தார்கள். யாரும் கொஞ்சம் நகர்ந்ததாக எழுதியில்லை.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார் இருந்தார்கள். உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்று வந்து, 1960-களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வுப் பிரிவையும், 1966-ல் மறுவாழ்வு நிலையத்தையும் தொடங்கினார்கள். 1972-ல் பத்மஸ்ரீ விருது. 1986-ல் காலமானார்கள். அவர்களை எல்லோரும் மனோதைரியத்துக்கு உதாரணமாகச் சொல்லுகிறார்கள். சரிதான். ஆனால் கணக்கன் புத்தியில் நான் வேறு ஒன்றையும் பார்க்கிறேன். ஒரு சக்கர நாற்காலி அறுவை சிகிச்சை அறைக்குள் போக வேண்டுமானால், வழியெல்லாம் யாரோ கதவைத் திறந்து, படியில் தூக்கி, மேஜையின் உயரத்தை இறக்கி, இடம் செய்து கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் பெயர் ஒரு புத்தகத்திலும் இல்லை. அந்த இடம் கிடைத்திராவிட்டால் அம்மையாரின் தைரியம் வாசலிலேயே நின்றிருக்கும்.

நம் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். டாக்டரம்மா முன்னாலேயே சொல்லுகிறேன், அனுமதி வாங்கிவிட்டேன். வெளிநோயாளிகள் பிரிவின் சரிவுப் பாதையில் காலை பத்து மணிக்கு வந்து பாருங்கள், ஏழெட்டு மோட்டார் சைக்கிள் நிற்கும். அதில் இரண்டு, மூன்று நம் ஊழியர்களுடையது. காலிப்பர் செய்து கொடுக்கிற இடத்துக்கு, காலிப்பர் போட்டவன் வண்டியில் வந்து சேர முடியவில்லை. போன மாதம் ஒரு பெண்பிள்ளை கைவண்டியில் அளவு கொடுக்க வந்தாள். வாட்ச்மேன் ஐயாவும் அவள் அண்ணனும் வண்டியோடு அவளைத் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோனார்கள். அவளுக்கு வயது இருபதுக்கு மேல். தூக்கும்போது அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டதை நான் பார்த்தேன்.

நீங்கள் அனுப்புகிற காணிக்கையில் கருவிகள் வாங்குகிறார்கள், ஏழைகளுக்கு மருந்து கொடுக்கிறார்கள். அதிலிருந்து ஒரு ரூபாய் குறைத்து இதற்குக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு மனது வராது. இதற்கு அவ்வளவு பணமும் வேண்டாம். ஒரு டின் மஞ்சள் பெயிண்ட், ஒரு டின் நீலம், மூட்டை கணக்கில் கொஞ்சம் சிமெண்ட். வாசலிலிருந்து முப்பது மீட்டருக்குள் இரண்டு இடம். ஒன்று காருக்கு, 3.6 மீட்டர் அகலத்தில். இன்னொன்று எங்கள் ஸ்கூட்டருக்கு, ஏழு அடி, இரண்டு பக்கமும் திறந்து. சரிவு ஒரு அடி உயர்வதற்கு பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தாகக் கட்டினால் சக்கர நாற்காலி பின்னால் உருளும். தரையில் சக்கர நாற்காலிப் படத்தைப் பெரிதாக வரையுங்கள். 1968-ல் டென்மார்க்கைச் சேர்ந்த சூசன் கோஃபோட் என்கிற மாணவி முதலில் வரைந்த படம் அது. அவள் வரைந்தபோது அதற்குத் தலை இல்லை. வெறும் நாற்காலி போலத் தெரிகிறதே என்று பிற்பாடு ஒரு வட்டம் சேர்த்து மனுஷன் ஆக்கினார்கள்.

பெயிண்ட் அடிப்பது சுலபம். அதைக் காலியாக வைத்திருப்பதுதான் கஷ்டம். பத்து மணிக்கு இடம் காலியாக இருந்தால் பத்தே காலுக்கு ஒருவர் "அஞ்சு நிமிஷம்தானே" என்று நிறுத்துவார். ஆகவே பெயிண்டுக்கு முன்னால் ஆளைப் பாருங்கள். உங்கள் ஆலயத்தில் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். ஞாயிறுதோறும் ஒருவர் ஒரு மணி நேரம் வாசலில் நின்று, பெரியவர் கார் வந்தாலும் "ஐயா, இது அவங்களுக்கு வெச்ச இடம், கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க" என்று பணிவாகச் சொல்ல வேண்டும். அந்தப் பெரியவர் கோபித்துக்கொண்டால், போதகர் ஐயா அந்தப் பிள்ளையின் பக்கம் நிற்க வேண்டும். போதகர் ஐயா சிரிக்கிறார்கள். நான் நிஜமாகத்தான் சொல்லுகிறேன். சொன்ன பிள்ளைக்குத் திட்டு விழுந்தால், அடுத்த வாரம் அவன் அங்கே நிற்க மாட்டான்.

எங்கள் சபையில் இதைப் பற்றி நானாக வாய் திறந்தது போன ஈஸ்டருக்குப் பிறகுதான். அதுவரைக்கும் கேட்கவில்லை. கேட்டால் சலுகைக்கு அலைகிறவன் என்று நினைப்பார்களோ என்று இருந்தேன். கமிட்டியில் சொன்னதும் ஒரு மூப்பர், "இத்தனை வருஷம் ஏம்பா சொல்லல?" என்று கேட்டார். அந்தச் சரிவை மறித்து நின்ற இரண்டு கார்களில் ஒன்று அவருடையது. அடுத்த ஞாயிறு அவர் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். மற்றக் கார் இன்னும் அங்கேதான் நிற்கிறது. அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், இன்னும் ஒருவரும் பேசவில்லை. வருகிற கமிட்டியில் மறுபடியும் எடுத்திருக்கிறோம்.

மணியாகிறது, அடுத்து சாப்பாடு என்று ஐயா ஜாடை காட்டுகிறார்கள். என் வண்டி இந்த மண்டபத்துக்கு வெளியே, வாசலுக்கு வலது பக்கம் நிற்கிறது. வரும்போது இரண்டு சகோதரர்கள் தங்கள் வண்டிகளை எடுத்து இடம் கொடுத்தார்கள், அவர்களுக்கு நன்றி. உங்கள் ஆலயத்திலோ வீட்டிலோ இடம் ஒதுக்க நினைக்கிறவர்கள் சாப்பிட்டபிறகு வாருங்கள், அளந்து பார்த்துக்கொள்ளலாம். அளவு நாடா கொண்டுவந்திருக்கிறேன்.